பெரிய கார் எடுக்க யோசனை: பென்ஸா, பிஎம்டபிள்யூவா, ஆடியா, கிறவுணா?

கனகாம்பிகைத் தம்பி (கிளிநொச்சி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் ஹயர் (வாடகை வண்டி) ஓடுகிறவன். கையில் ஒரு வானும் ஒரு டொயோட்டா பிரீமியோ காரும் இருக்கின்றன. கனடாவில் இருக்கிற அண்ணா, "அப்பாவுக்கு வசதியாக ஒரு பெரிய கார் எடு, பாதிக் காசு நான் போடுகிறேன்" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றரைக் கோடிக்குள் முடிக்க வேண்டும்.

அந்தக் காசுக்குப் புதுக் கார் கனவு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். திறந்து என்ன, வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய கார்தான் நமக்கு.

வேலை மூன்று. முதலாவது அப்பா. அவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே இல்லை, செயற்கைக் கால். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிலையத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அடிக்கடி போக வேண்டும். வானில் ஏற்ற ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிரீமியோவில் இருக்கும்போது அந்தக் காலைக் கையால் மடித்து உள்ளே எடுப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். இரண்டாவது கல்யாண ஹயர். மூன்றாவது கட்டுநாயக்க ஓட்டம், ஒரு பக்கம் 300 கிலோமீற்றர் அளவு.

பார்த்து வைத்திருப்பவை: 2011 பென்ஸ் ஈ250 டீசல், 2012 பிஎம்டபிள்யூ 520டி, 2012 ஆடி ஏ6 இரண்டு லீற்றர் பெற்றோல், 2013 டொயோட்டா கிறவுண் ஹைபிரிட். விளம்பரத்தில் எல்லாம் "ஒரே உரிமையாளர், டொக்டர் பாவித்தது". நாட்டில் இவ்வளவு டொக்டர்மார் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. ஓட்டினவர்கள், வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள்.


முறிகண்டிக் கச்சான் எழுதியது:

இன்னொரு பிரீமியோ எடுங்கோ. மிச்சக் காசுக்கு வயல் வாங்கலாம். வயலுக்குப் பழுது பார்க்கிற ஸ்கேனர் தேவையில்லை.


கனகாம்பிகைத் தம்பி எழுதியது:

அண்ணை, பிரீமியோ ஏற்கனவே நிற்கிறது. அப்பா அதில் ஏறமாட்டாராம், அதுதானே கதை. வயலும் இருக்கிறது, போன மாரியில் தண்ணிக்குள்.


பரந்தன் சந்தி எழுதியது:

தம்பி, எனக்கு 58 வயது. கார் பழகியது தொண்ணூறுகளில், மாமாவின் ஒஸ்ரின் ஏ40 இல். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பொன்போல இருக்கும். காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது. புகையில் பின்னால் வருகிற சைக்கிள்காரன் பேசிக்கொண்டே வருவான். அந்தக் காரிலும் மாப்பிள்ளை பொம்பிளை ஏற்றினோம், ஒருவரும் குறை சொல்லவில்லை. பிறகு 2010 இலிருந்து 2019 வரை கொழும்பில் ஒரு கம்பனிப் பணிப்பாளருக்குச் சாரதியாக இருந்தேன். நீங்கள் கேட்ட நாலில் மூன்று அந்த ஒன்பது வருஷத்தில் என் கையால் ஓடினவை. கிறவுண் நான் ஓட்டவில்லை, ஆகவே அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

முதலில் குதிரை வலுக் கணக்கைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். ஈ250 டீசலுக்கு 204, 520டிக்கு 184. அதற்காக இரவிரவாகச் சண்டை பிடிப்பார்கள். நமக்கு ஊர் மனைக்குள் 50, வெளியே 70, அவ்வளவுதான் சட்டம். புளியங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் மர நிழலில் பொலிஸ்காரர் வேகம் பார்க்கிற கருவியோடு நிற்பார், அவருக்கு உங்கள் குதிரைகளில் அக்கறை இல்லை. நமக்கு உதவுவது இழுவை. பென்ஸ் டீசலில் 500 நியூட்டன் மீற்றர், பிஎம்டபிள்யூவில் 380. நெல் ஏற்றின லொறியை எதிரே பஸ் வருவதற்கு முன் கடந்து போக வேண்டும் என்றால், அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

இப்போது அப்பாவின் விஷயம். இதைத்தான் நான் கூடுதலாக யோசித்தேன். என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான், அவருக்கு வலது கால்.

அவரை முன் இடப்பக்கச் சீற்றில் இருத்துங்கள், பின்னால் வேண்டாம். ஏன் என்றால், இடப்பக்கக் கதவால் முதுகு காட்டி இருந்துவிட்டுத் திரும்பும்போது நல்ல வலது கால்தான் முதலில் உள்ளே போகும். அது ஊன்றிக்கொண்ட பிறகு, மற்றதைக் கையால் தூக்கி உள்ளே வைக்கலாம். சாரதிக்குப் பின்னால் வலப்பக்கக் கதவால் ஏறினால் எல்லாம் மாறிவிடும். செயற்கைக் கால் முதலில் போக வேண்டும், அது முன் சீற்றின் முதுகில் முட்டும். சித்தப்பாவுக்கு வலது கால் என்பதால் இதையே நாங்கள் மறுபக்கமாகப் படித்தோம், ஒரு வருஷம் சென்றது.

அப்படிப் பார்த்தால் சீற்றின் உயரம், கதவு திறக்கிற அகலம், கீழ்ப்படியின் உயரம், இந்த மூன்றும்தான் கணக்கு. பென்ஸில் சீற் கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும், பொத்தானை அழுத்தினால் இன்னும் உயரும். அந்தச் சீற் பழைய காலத்துச் சாய்மனைக் கதிரைபோல, பார்க்க இறுக்கம், நாலு மணித்தியாலம் இருந்தாலும் இடுப்பு கேட்காது. பிஎம்டபிள்யூவில் கீழே இருத்திவிடுவான். இளம் ஆளுக்கு அது சுகம், காருக்குள் இருப்பதுபோல அல்ல, காரை உடுத்தியதுபோல. ஆனால் அதிலிருந்து எழும்ப இரண்டு காலும் வேண்டும். ஆடியில் முன் சீற் நல்லது, உள் வேலைப்பாடும் மூன்றிலும் அதில்தான் வடிவு. பொத்தான் ஒவ்வொன்றும் கிளிக் என்று ஒரு மாதிரி ஒலிக்கும், நான் வேலையில்லாத நேரம் சும்மா அமத்திக்கொண்டிருப்பேன். பின்னுக்கும் கால் வைக்க நல்ல இடம்.

ஓட்டுவதைப் பற்றி ஒரு வரி: என் ஐயா, அந்தப் பணிப்பாளர், பென்ஸில் குருநாகலுக்கு முன்னமே குறட்டை விடுவார். பிஎம்டபிள்யூவில் அநுராதபுரம் வந்தாலும் கண் மூடமாட்டார், என் தோளுக்கு மேலால் மீற்றரைப் பார்த்துக்கொண்டு வருவார். எனக்கோ நேர்மாறு. பிஎம்டபிள்யூ திறப்பைத் தந்தால் சம்பளமே வேண்டாம் என்கிற மாதிரி இருக்கும். ஸ்ரியறிங் சொல்லுக் கேட்கும், எட்டுக் கியர் எப்போது மாறுகிறது என்றே தெரியாது. ஆனால் ஹயர் காசு தருகிறவர் பின் சீற்றில் இருக்கிறார், மறந்துவிடாதீர்கள்.

இனி றோட்டு. ஏ9 வீதி இப்போது மேசைபோல. சிக்கல் அதைவிட்டு இறங்கிய பிறகுதான். கல்யாண வீடு ஏ9 ஓரத்திலா இருக்கும்? கிரவல் ஒழுங்கை, மதகுக்கு மதகு ஒரு பள்ளம். இந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் அடிப்பாகம் நிலத்திலிருந்து ஒரு சாண் கூட இல்லை. கீழே பிளாஸ்ரிக் தட்டு ஒன்று பூட்டியிருக்கும், அது கிரவல் மேட்டில் உரசும்போது நம் நெஞ்சு உரசுகிற மாதிரி. அறுவடைக் காலத்தில் றோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோல் அந்தத் தட்டுக்கு மேலே போய்ச் செருகும். டீசல் காரில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்கிற நேரம் புகைக்குழாய்ப் பக்கம் பொல்லாத சூடு. அந்த நேரம் காய்ந்த வைக்கோலுக்கு மேலே காரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். இதை எந்த விளம்பரத்திலும் எழுதமாட்டார்கள்.

ரயர்தான் எனக்கு மனம் வலித்த இடம். அப்போது கையில் இருந்த காரின் பெயர் வேண்டாம். மேலதிகச் சில்லு இல்லாத வகை. காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீற்றர் தூரம், 80 வேகத்துக்கு மிஞ்சாமல் ஓடலாம் என்கிற தடித்த ரயர். 2014 இல் ஐயாவோடு முல்லைத்தீவு போய்த் திரும்பும்போது ஒட்டுசுட்டானுக்கு இப்பால் மதகு விளிம்பில் பக்கவாட்டில் கிழிந்தது. கணக்குப்படி கார் ஓடித்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. மாங்குளம் வந்து சேர்ந்தோம். பிறகு? அந்த அளவில் அந்த வகை ரயர் வவுனியாவிலும் இல்லை. ஐயா வான் பிடித்துப் போனார். கொழும்பிலிருந்து ரயர் பஸ்ஸில் வந்தது. நான் இரண்டு இரவு மாங்குளத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் நுளம்போடு. கடைக்காரர் காசு வாங்கவில்லை, மூன்றாம் நாள் காலையில் புட்டும் தந்தார். ஆகவே எந்தக் கார் எடுத்தாலும் டிக்கிக்குள் மேலதிகச் சில்லு இருக்கிறதா, இல்லாவிட்டால் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 520டி எடுத்தால் அந்தத் தடித்த ரயரைக் கழற்றிச் சாதாரண ரயர் போட்டு ஒரு சில்லையும் டிக்கியில் வைக்கலாம், ஓட்டமும் மென்மையாகும். ஆனால் 520 லீற்றர் டிக்கியில் ஒரு நல்ல பங்கு அதற்கே போய்விடும், கட்டுநாயக்கவிலிருந்து வருகிற வெளிநாட்டுச் சனத்தின் பெட்டிகளை மடியில்தான் வைக்க வேண்டும். பென்ஸ் 540, ஆடி 530. தாளில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு பெரிய பெட்டியை அடுக்கும்போது அந்த 20 லீற்றர் எங்கே என்று தெரியும்.

கல்யாண ஹயருக்குப் பேச்சே இல்லை. ஆட்கள் "பென்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். எந்த வருஷம், என்ன இயந்திரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. போனட்டில் நட்சத்திரம் நிமிர்ந்து நிற்கிற வகை என்றால் இன்னும் நல்லது, மாலையை அதிலேயே மாட்டலாம், பெயின்ற்றில் ரேப் ஒட்ட வேண்டியதில்லை. 2013 இல் முகம் மாற்றின பிறகு வந்தவற்றில் நட்சத்திரம் நிற்பதும் உண்டு, கிறிலுக்குள் பதிந்ததும் உண்டு, பார்த்து எடுங்கள். வெள்ளை நிறம். கறுப்பு வேண்டாம், வன்னி வெயிலுக்கு அது தோசைக்கல், செம்புழுதியும் அதில்தான் கூடத் தெரியும். உள் லெதர் வெளிர் நிறமாக இருந்தால் குங்குமமும் சந்தனமும் போகாது, இதையும் அனுபவப்பட்டவன் சொல்கிறேன். மூன்று காரிலும் பின் சீற் நடுவில் தரையில் ஒரு மேடு இருக்கும், அதில் காலை அகட்டி இருக்கிற ஐந்தாவது ஆள் எப்போதும் பொம்பிளைத் தோழிதான், பாவம்.

கடைசியாக மாடு. இரவில் ஏ9 இல் சூடான தாருக்கு மாடுகள் வந்து படுக்கும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரிய காரின் மூஞ்சியில் சென்சர், கமரா, லைட் என்று எல்லாமே அங்கேதான். ஒரு பக்க ஹெட்லைட் வாங்குகிற காசுக்கு நல்ல நாம்பன் ஒன்று வாங்கலாம். இரவு ஓட்டத்தில் அறுபதுக்கு மேல் போகாதீர்கள், அது எந்தக் காராக இருந்தாலும்.


தருமபுரத்தான் (டோட்மண்ட், ஜெர்மனி) எழுதியது:

இங்கே ஈ கிளாஸ் என்றால் டாக்ஸி. வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையில் ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும். மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடினது என்றால் இங்கே யாரும் பயப்படமாட்டார்கள், சேர்விஸ் புத்தகம் எங்கே என்றுதான் கேட்பார்கள். ஊரில் 78,000 என்று மீற்றர் காட்டினால் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், புத்தகத்தைக் கேட்பதில்லை. ஸ்ரியறிங்கின் தோல் பளபளவென்று தேய்ந்திருந்தால், சாரதிச் சீற்றின் வலப்பக்கம் நசிந்திருந்தால், மீற்றர் சொல்வதை நம்பாதீர்கள்.


வவுனியா ஸ்பனர் எழுதியது:

பரந்தன் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. பிஎம்டபிள்யூவைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டார், ஆகவே மெக்கானிக் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம்.

520டி என்று ஒரே பெயரில் இரண்டு இயந்திரம் இருக்கிறது. 2012 வண்டியில் என்47. அதில் ரைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற சங்கிலி, இயந்திரத்தின் பின்பக்கம், கியர் பொக்ஸ் பக்கமாக இருக்கிறது. அது தேய்வது உலகம் முழுக்கத் தெரிந்த பலவீனம், முதல் வருஷ வண்டிகளில் அதிகம். முன்பக்கம் இருந்தால் அரை நாள் வேலை, பின்பக்கம் என்பதால் இயந்திரத்தையோ கியர் பொக்ஸையோ இறக்க வேண்டும். காதை வைத்துக் கேளுங்கள்: சூடாகிய பிறகு 1500 இலிருந்து 2000 சுற்றுக்குள் பின்பக்கமாக ஒரு உரசல் சத்தம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 2014 இலிருந்து பி47, 190 குதிரை, 400 நியூட்டன் மீற்றர். அது நல்ல இயந்திரம். உங்கள் காசுக்கு அது கிடைத்தால் நான் பென்ஸை விட்டு அதைத்தான் எடுப்பேன். எட்டுக் கியர் இசட்எஃப் கியர் பொக்ஸ் இந்த நாலில் ஆகச் சிறந்தது, சந்தேகமே இல்லை.

பென்ஸ் டீசலிலும் செயின் பின்பக்கம்தான், அதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. அதன் குற்றம் வேறு: 2009, 2010 ஆரம்ப வண்டிகளில் வந்த, டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்ரர் பழுதாகிறது என்று உலகம் முழுக்க மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுடையது 2011, மாற்றியதா இல்லையா என்று பதிவைக் கேளுங்கள். கியர் பொக்ஸின் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். விற்கிறவர் டீசலுக்குப் பதிலாக பெற்றோல் ஈ200 காட்டினால், காலையில் குளிர்ந்த இயந்திரத்தை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் எடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு செக்கன் கறகற என்றால் கம்ஷாஃப்ட் பல்லுச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. நீங்கள் போவதற்கு முன்னமே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு பதில்.

ஆடி ஏ6 2012 இரண்டு லீற்றர் பெற்றோல்: அந்தத் தலைமுறை இயந்திரம் எண்ணெய் குடிக்கும், பிஸ்டன் ரிங் விஷயம். முன்சில்லு இழுக்கிற அந்த வருஷ வண்டிகளில் கியர் பொக்ஸ் பல்லுக் கியர் இல்லை, சங்கிலிப் பட்டியில் ஓடுகிற மல்ரிட்ரோனிக். நம் சூட்டுக்கும் நம் எண்ணெய் மாற்றுகிற பழக்கத்துக்கும் அது ஒத்துவராது. 2014 இல் முகம் மாற்றின பிறகு இரட்டைக் கிளச் கியர் பொக்ஸ் வந்தது, அது பரவாயில்லை. விலை குறைவு என்று ஏ6 எடுக்காதீர்கள், குறைவுக்குக் காரணம் இருக்கிறது.

டீசல் எதை எடுத்தாலும் சூப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும். கிளிநொச்சி நகருக்குள்ளேயே கடைக்கும் கோயிலுக்கும் ஓடினால் புகை வடிகட்டி அடைக்கும். அதற்குக் கால் மணித்தியாலம் ஒரே சீரான ஓட்டம் வேண்டும். அப்பாவை யாழ்ப்பாணம் கூட்டிப்போகிற ஓட்டமே வடிகட்டிக்கும் வைத்தியம்.

இன்னொன்று. பிஎம்டபிள்யூவில் பற்றரி மாற்றினால்கூட ஸ்கேனர் போட்டுப் புதுப் பற்றரியைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பழைய பற்றரி என்று நினைத்துக் கூடச் சார்ஜ் ஏற்றும். ஸ்கேனர் இல்லாத கராஜில் இந்தக் கார்களை விடுவது, கண் கட்டின வைத்தியரிடம் போவது மாதிரி. பாகத்துக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. பென்ஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் பாவித்த பாகம் அங்கே தேடினால் கிடைக்கும்.


புதுக்குடியிருப்பு ஆசிரியை எழுதியது:

கிறவுணைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் கணவர் 2013 ஹைபிரிட் வைத்திருக்கிறார். அவருக்கு எழுத நேரமில்லை, ஆகவே நான்.

இரண்டரை லீற்றர் பெற்றோல் இயந்திரமும் மோட்டாரும் சேர்ந்து 220 குதிரை என்று அவர் சொல்வார், எனக்குத் தெரிந்தது சத்தமில்லாமல் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதுதான். நாய்க்குக்கூடத் தெரியாது. ஜப்பானில் ஒழுங்கைகள் ஒடுக்கம் என்பதால் அகலத்தை 1800 மில்லிமீற்றரில் நிறுத்தியிருக்கிறார்கள், அது நம் ஒழுங்கைக்கும் பொருந்துகிறது. சீற் உயரம் நல்லது, மாமி முழங்கால் வருத்தக்காரி, தானே ஏறி இறங்குகிறார். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் வந்து கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்தபோது, அதில் யாழ்ப்பாணம் போய் வந்தும் மிச்சம் இருந்தது. வரிசையில் நின்ற பெரிய கார்க்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம்.

குறை இல்லாமல் இல்லை. பற்றரி பின்னால் இருப்பதால் டிக்கி சிறிது. அந்தப் பற்றரியைக் குளிர்விக்கிற விசிறி காருக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுக்கும், ஆகவே நம் புழுதியும் சேர்ந்து போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்விக்கிறோம். இரண்டாவது, திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஸ்டார்ட் எடுத்தவுடன் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். ஒரு வருஷம் அது வணக்கம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஜப்பானுக்கு வேலைக்குப் போன தம்பி ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்: நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்று சொல்கிறதாம். என் மகள் அந்த வசனத்தை முழுவதும் பாடமாக்கி வைத்திருக்கிறாள். மூன்றாவது, கல்யாணத்துக்குக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் இருக்கிற கிரீடச் சின்னத்தைப் பார்த்துவிட்டு "இது என்ன கார்?" என்பார்கள். சொன்னாலும், டொயோட்டாவுக்கு ஏன் பென்ஸ் காசு என்று பேரம் பேசுவார்கள்.


பரந்தன் சந்தி எழுதியது:

வவுனியாத் தம்பி சொன்ன 2014 க்குப் பிந்தின 520டி பற்றி நான் ஒத்துக்கொள்கிறேன். நான் ஓட்டினது முந்தினது. ஆனால் சீற் உயரம் மாறவில்லை.


கனகாம்பிகைத் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மூன்று கிழமையாகப் பதில் போடாததற்குக் காரணம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு கார் பார்க்கத் திரிந்ததுதான். யாழ்ப்பாணத்தில் இரண்டு, வவுனியாவில் மூன்று. விற்கிறவர்கள் போனட்டைத் திறந்து காட்ட ஓடி வருவார்கள். நான் "போனட் பிறகு, முதலில் முன் இடப்பக்கக் கதவைத் திறவுங்கோ" என்பேன். ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிஎம்டபிள்யூவில் அப்பா சுகமாக இருந்தார். எழும்பத்தான் முடியவில்லை, நானும் விற்கிறவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். "இது கார் இல்லையடா, கிணறு" என்றார். வவுனியா அண்ணா மன்னிக்க வேண்டும், பி47 ஆக இருந்தும் என்ன செய்வது. ஆடியை ஓடவிட்டுப் பார்த்தோம், அப்பாவுக்குப் பிடித்தது. எனக்கு அந்த கியர் பொக்ஸ் கதை காதுக்குள் நின்றது, விட்டுவிட்டேன். 2013 கிறவுணில் அப்பா தானே ஏறினார், தானே இறங்கினார், அந்தப் பெண் குரலுக்குப் பதில் வணக்கமும் சொன்னார். அதுதான் எடுக்க வேண்டிய கார் என்று வீட்டுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் அந்த ஆள் கேட்ட விலை ஒன்றரைக்குள் வரவில்லை, டிக்கிக்குள் சக்கர நாற்காலியை வைத்தால் வேறு ஒன்றும் வைக்க முடியாது.

முதலில் பார்த்த 2011 பென்ஸை விட்டுவிட்டேன். மீற்றர் 81,000, ஸ்ரியறிங்கின் தோல் அப்பாவின் ஊன்றுகோல் பிடிபோலத் தேய்ந்து போயிருந்தது. பிறகு 2012 வெள்ளை ஈ250 ஒன்று கிடைத்தது. நட்சத்திரம் போனட்டில் நிற்கிறது. 164,000 கிலோமீற்றர், ஆனால் சேர்விஸ் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் சீல் இருக்கிறது, கியர் எண்ணெய் இரண்டு தரம் மாற்றியிருக்கிறது. காலையில் போய்க் குளிர்ந்த இயந்திரத்தில்தான் ஸ்டார்ட் எடுத்தேன். அப்பா முதுகைக் காட்டி இருந்தார், வலது காலை உள்ளே எடுத்தார், மற்றதைக் கையால் தூக்கி வைத்தார், கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். நான் கிட்டப் போகவே இல்லை. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி, ஏசியைப் போடு என்று சைகை காட்டினார்.

முற்பணம் கொடுத்துவிட்டேன். வரும் வெள்ளி எடுக்கிறேன். பின் ரயர் இரண்டும் போய்விட்டது, 225/55 ஆர்16. கிளிநொச்சியில் இந்த அளவு யாரிடம் இருக்கும்?


பரந்தன் சந்தி எழுதியது:

16 அங்குலச் சில்லா? அதிர்ஷ்டக்காரன், 17 அல்லது 18 என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். டிப்போச் சந்திப் பக்கம் நாளைக் காலை விசாரித்துச் சொல்கிறேன். இரண்டு வாங்காதீர்கள், மூன்று வாங்குங்கள். மற்றது டிக்கிக்குள் கிடக்கட்டும்.


முறிகண்டிக் கச்சான் எழுதியது:

வெள்ளிக்கிழமை ஏ9 ஆல்தானே வருவீர்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டாமல் போனால் தெரியும்தானே. தேங்காய் நான் எடுத்து வைக்கிறேன், அப்பாவை இறக்கத் தேவையில்லை, கண்ணாடியை இறக்கினால் கச்சான் உள்ளே வரும்.